படைப்பணியிலிருந்து ஓய்வு பெறுவோர் மருத்துவக் காப்பீட்டில் செய்யும் தவறுகள்

ஏற்காட்டின் நாகலூருக்கோ வாழவந்திக்கோ ஓய்வு பெற்றுத் திரும்பும் படைவீரர் பலருக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் உள்ள ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கிற்கு வந்த பிறகுதான் தம் ஆவணங்களில் உள்ள குறை தெரியவருகிறது. நான் பார்த்தவரை அது பெரும்பாலும் பெயரில் இருக்கும் குறைதான். மனைவியின் பெயர் பணி ஆவணத்தில் தமிழ்ச்செல்வி என்றும் ஆதாரில் செல்வி என்றும் இருந்தால் சிகிச்சை பெறுவதற்கான ஸ்மார்ட் கார்டு விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே, திருமணமும் குழந்தைப் பிறப்பும், குடும்ப விவரங்களைப் பணிப் பதிவில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கின்றனவா, பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்பதை, யூனிட் கிளார்க் பக்கத்தில் இருக்கும்போதே, டிஸ்சார்ஜுக்கு முன்பே சரிபார்த்துவிட வேண்டும். ஊருக்கு வந்த பின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் நாட்களில் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், அந்தக் குடும்பம் படும் பாடு சொல்லி மாளாது.

ஓய்வூதியர்களுக்காக 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கிய இத்திட்டத்தில் சந்தா ஒரே முறைதான்; ஹவில்தார் பதவி வரை 30,000 ரூபாய், சுபேதார் போன்ற ஜேசிஓக்களுக்கு 67,000 ரூபாய். ஒரு முறை கட்டிவிட்டால் எல்லோருக்கும் எக்காலத்துக்கும் சிகிச்சை உண்டு என்று எண்ணுவது தவறு. மகனுக்குப் பொதுவாக 25 வயது வரைதான். வேலையோ திருமணமோ முன்னதாக அமைந்தால் அத்துடன் முடியும்.

பாலிகிளினிக்கின் ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) வாங்காமல் நேரே தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அவசர நிலைக்கு விலக்கு உண்டு. ஆனால் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டு, கிடைத்த மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்கிற்குத் தகவல் சேர்ந்தாக வேண்டும். அப்போதும் திட்டத்தின் கட்டண அளவுக்கே பணம் திரும்பக் கிடைக்கும்.

4 ஆண்டுகள் பணியாற்றித் திரும்பும் அக்னிவீரர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, ஈசிஎச்எஸ்ஸும் இல்லை. அவர்களுக்குள்ள 48 லட்ச ரூபாய்க் காப்பீடு ஆயுள் காப்பீடே, அதுவும் பணிக்காலத்தோடு முடிந்துவிடும். தனியார் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதால், வேறு வேலை கிடைத்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது கூடாது. பணியில் பட்ட முழங்கால் காயத்தையோ, பணி முடியும்போது உடல்நிலையைச் சோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு குறித்த இரத்த அழுத்தத்தையோ விண்ணப்பத்தில் மறைத்தால், பின்னாளில் கிளெய்ம் மறுக்கப்படலாம். அந்த போர்டு அறிக்கையின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கையோடு வாங்கி வைக்க வேண்டும்.