ஸ்டீயரிங்கில் ஆட்டமா, சத்தமா? பாகத்தை மாற்றும் முன் நீங்களே பார்த்துவிடுங்கள்

எங்கள் எஸ்யூவியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பட்டறையில் விட்டேன். இரண்டு பக்கமும் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ராடின் முனை ஜாயிண்ட்) மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி வீடு வந்தது, 'டக்'கும் கூடவே வந்தது. உண்மையில் தேய்ந்திருந்தது பெடல்களுக்கு மேலே, ஸ்டீயரிங் ஷாஃப்டில் இருக்கும் ஒரு சின்ன ஜாயிண்ட். அன்றிலிருந்து நான் விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான்: ஆட்டம் எந்த ஜாயிண்டில் என்று விரலால் உணரும்வரை எதையும் மாற்றக் கூடாது.

படி 1: எளிய காரணங்கள்

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் இருக்கும். காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும், வண்டி அலைபாயும். வீல் நட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சமீபத்தில் டயர் கழற்றி மாட்டியிருந்தால் இதைத் தவறவே விடாதீர்கள்.

படி 2: ஆட்டத்தை அளப்பது

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரங்களை நேராக வையுங்கள். இன்ஜின் ஓடட்டும். ஸ்டீயரிங் வளையத்தின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடியுங்கள். இரண்டு விரலால் மெதுவாக இடமும் வலமும் அசைத்து, டயர் அசையத் தொடங்கும்வரை டேப் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ரேக் (இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) வகை ஸ்டீயரிங்கில் மொத்தம் 30 மி.மீ. தாண்டினால் எங்கோ தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ரேக்குக்குப் பதில் ஸ்டீயரிங் பாக்ஸ் (கியர் பெட்டி) வைத்த பழைய எஸ்யூவிகளில் இயல்பாகவே ஆட்டம் சற்று அதிகம். உங்கள் வண்டியின் கையேட்டில் அளவு கொடுத்திருந்தால் அதையே நம்புங்கள்.

படி 3: ஆட்டம் எங்கே இருக்கிறது?

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. துணைக்கு ஒருவர் வேண்டும். இன்ஜினை அணைத்துவிடுங்கள், ஸ்டீயரிங் லாக் மட்டும் விடுபட்டிருக்கட்டும். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும், ஜாக் வேண்டாம். உள்ளே இருப்பவர் ஸ்டீயரிங்கைச் சிறிதளவு மட்டும், சீராக, இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் பெடல்களுக்கு மேலே இருக்கும் ஜாயிண்டின் மேல் விரலை வையுங்கள். மேல் ஷாஃப்ட் திரும்பி, ஒரு கணம் கழித்துக் கீழ் ஷாஃப்ட் திரும்பினால் ஆட்டம் அங்கேதான். அது நன்றாக இருந்தால் வெளியே வந்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் டை ராட் எண்டைத் தொடுங்கள். விரலின் பாதி ராடின் மேலும், மறுபாதி அது இணையும் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) மேலும் இருக்கட்டும். நல்ல ஜாயிண்டில் இரண்டும் ஒன்றாக நகரும். தேய்ந்ததில் ராட் முதலில் நகர்ந்து, 'டிக்' என்று ஒரு சின்னத் தட்டல் விரல் நுனியில் தெரியும். காதுக்கு எட்டாததைக்கூட விரல் சொல்லிவிடும்.

அடுத்து ரேக் முனையின் ரப்பர் பூட் என்ற மடிப்பு உறையை மெல்ல அமுக்கி, உள்ளே இருக்கும் ஜாயிண்டையும் இதேபோல் உணர்ந்து பாருங்கள். பூட் கிழிந்திருந்தால் தண்ணீரும் மண்ணும் புகுந்திருக்கும். ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கை லேசாக்கும்) வண்டியில் பூட்டுக்குள் ஆயில் தேங்கியிருந்தால் ரேக் சீல் போய்விட்டது. ரேக்கை வண்டியோடு பிடித்திருக்கும் புஷ்களையும் (ரப்பர் வளையங்கள்) பாருங்கள். ரேக்கின் வெளிக்கூடு பக்கவாட்டில் நகரக் கூடாது.

படி 4: சக்கரத்தைத் தூக்கி

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் கைகூட வைக்க வேண்டாம். கடிகாரத்தில் 9 மணியும் 3 மணியும் இருக்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆடினால் டை ராட் பக்கம் சந்தேகம். 12-6 இடங்களில் ஆடினால் பால் ஜாயிண்ட் (நக்கிளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். இரண்டையும் பிரிக்க, துணையாளை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயிண்ட்.

படி 5: சத்தம்

வண்டி நின்றபடியே திருப்பும்போது 'டொய்ங்' என்று வந்தால், முன் ஸ்பிரிங்கின் வெளிப்புறம் உள்ளங்கையை லேசாக வையுங்கள், சுருள்களுக்கு இடையே விரல் போகக் கூடாது. ஸ்பிரிங் முறுகி, திடீரென்று விடுபட்டால் மேலே, ஸ்பிரிங் தடையின்றித் திரும்ப உதவும் ஸ்ட்ரட் பேரிங் சிக்கிக்கொள்கிறது.

'உய்ங்' என்ற முனகல் ஹைட்ராலிக் வண்டிகளில் வரும். ஆயில் அளவைப் பாருங்கள். நுரை இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. எந்த ஆயில் என்பதை மூடியிலோ கையேட்டிலோ பார்த்துவிட்டே ஊற்றுங்கள். கீச்சிடுவது பெரும்பாலும் பெல்ட். முழுக்க ஒடித்த நிலையில் லேசாக 'ஸ்ஸ்' என்பது இயல்பு, ஆனால் ஐந்து விநாடிக்கு மேல் அப்படியே பிடித்திருக்காதீர்கள். எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் ஆயிலே இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒடித்துத் திருப்பி ஓட்டும்போது மட்டும் 'டிக் டிக் டிக்' என்றால் அது ஸ்டீயரிங் அல்ல, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டின் முனையில் இருக்கும் சிவி ஜாயிண்ட். ஸ்டீயரிங் வளையத்துக்குள் 'சர சர' என்று உரசி, ஹாரனும் விட்டுவிட்டு அடித்தால் கிளாக் ஸ்பிரிங்காக (வளையத்துக்குள் ஹாரன், ஏர்பேக் இணைப்புகளைத் தாங்கும் சுருள் பட்டை) இருக்கலாம். அங்கே ஏர்பேக் இருப்பதால் நீங்கள் பிரிக்கவே கூடாது.

பால் ஜாயிண்டிலோ டை ராடிலோ கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால், பட்டறைக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றி அனுப்புங்கள். அந்த ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. டை ராட் மாற்றிய கையோடு வீல் அலைன்மெண்ட் செய்து, வண்டியை வாங்கும்போது படி 2-இன் டேப் அளவை மறுபடி எடுத்துப் பாருங்கள்.