நன்னீர் கலந்தால் நீரோட்டம் ஏன் தளர்கிறது: மீன்தொட்டியில் செய்து பார்க்க

கிரீன்லாந்தை ஒட்டிய கடல்களில் உப்புநீர் குளிர்ந்து, கனத்து, ஆழத்துக்கு இறங்குகிறது. அட்லாண்டிக்கின் பெரும் நீரோட்டம் இதை நம்பித்தான் இருக்கிறது. பனி உருகி நன்னீர் கலந்தால் கனம் குறையும். எந்த அளவில் இறக்கம் நிற்கும் என்பதை வீட்டிலேயே காணலாம்.

10 லிட்டர் கண்ணாடித் தொட்டி, சமையல் தராசு, வெப்பமானி, கேக்குக்குப் போடும் உணவு நிறம், ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்ச் போதும்.

8 லிட்டர் தண்ணீரில் 280 கிராம் உப்பைக் கரையுங்கள். லிட்டருக்கு 35 கிராம், ஏறக்குறைய கடலின் உப்பு. இதில் ஒரு லிட்டரைத் தனியே எடுத்துவிட்டு, மீதியைத் தொட்டியில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். தொட்டி நீர் 30 டிகிரி இருக்கட்டும்.

எடுத்து வைத்த உப்புநீரை ஐந்து டம்ளர்களில் 100, 90, 80, 70, 60 மி.லி. ஊற்றி, ஒவ்வொன்றிலும் 100 ஆகும்வரை நல்ல தண்ணீர் சேருங்கள். இரண்டிரண்டு சொட்டு நிறம் விட்டுக் கலக்கி, மூடி, சிரிஞ்சோடு சேர்த்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். 5 டிகிரிக்கு இறங்கியதும் எடுக்கலாம்.

சிரிஞ்சின் நுனியைக் கண்ணாடிச் சுவரோடு ஒட்டி, மேற்பரப்புக்கு 5 செ.மீ. கீழே பிடித்து, 5 மி.லி.யை 15 நொடியில் மெல்ல விடுங்கள். பெரும்பாலோர் சொதப்புவது இங்கேதான். வேகமாக அழுத்தினால் பீய்ச்சும் விசையே நீரைக் கீழே தள்ளிவிடும்; கனத்தால் இறங்கியதா, தள்ளியதால் இறங்கியதா என்று சொல்ல முடியாது.

100-ம் 90-ம் நேராக இறங்கி அடியில் பாய் விரித்தாற்போல் பரவும். 80 தயங்கும், வழியில் சூடேறி நடுவிலேயே நின்றுவிடவும் கூடும். 70 மேலே ஏறி மிதக்கும். கணக்குப்படி எல்லை 77 பக்கம் விழுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக நன்னீர் கூடும்போது இறக்கம் குறைந்துகொண்டே வந்து, அந்த எல்லையில் திசையே மாறிவிடுகிறது.

80 மிதந்துவிட்டதா? தொட்டி நீர் 25 டிகிரிக்கு ஆறியிருக்கும். வெப்ப வித்தியாசம் சுருங்கினால் எல்லை 83-ஐ ஒட்டி ஏறிவிடும்.

இந்த எண்களைக் கடலுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். அங்கே இறக்கத்தைத் தீர்மானிக்கும் அடர்த்தி வித்தியாசம் இதைவிட மிகச் சிறியது. காற்றின் பங்கும் உண்டு. தொட்டி காட்டாத இன்னொன்று, வடக்கே உப்பைக் கொண்டுசேர்ப்பதே அந்த நீரோட்டம்தான். ஓட்டம் குறைந்தால் உப்பும் குறையும், அதனால் ஓட்டம் மேலும் குறையும். கடலை இரண்டே பெட்டிகளாக வைத்துப் போட்ட கணக்கில் கடலியலாளர் ஹென்றி ஸ்டாம்மெல் 1961-இல் இதைக் காட்டினார். 26.5 டிகிரி வட அட்சத்தில் 2004 முதல் நடக்கும் அளவீட்டில் சராசரி ஓட்டம் நொடிக்குச் சுமார் 1.7 கோடி கன மீட்டர். இந்த நூற்றாண்டில் அது தளரும் என்பது மிகவும் சாத்தியம், 2100-க்குள் திடீரென நிலைகுலையாது என்பதில் நடுத்தர நம்பிக்கையே என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை.

வேலை முடிந்ததும் தொட்டி நீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். ஏறக்குறைய கால் கிலோ உப்பு இருக்கிறது அதில்.