குழந்தையின் மனநலச் சிகிச்சைக்குக் காப்பீடு: மலையிறங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகளுக்குப் பதினொரு வயதானபோது, பள்ளி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு வயிற்றுவலியும் நடுக்கமும் வரத் தொடங்கின. கோத்தகிரியிலிருந்து காலைப் பேருந்தில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவைக்குச் சென்று, ஓர் உளவியலாளரிடம் முக்கால் மணி நேரம் பேசவைத்துவிட்டு இருட்டும் வேளையில் வீடு திரும்புவது ஓராண்டுக்கு மேல் எங்கள் சனிக்கிழமை வழக்கமாக இருந்தது. முதல் எட்டு அமர்வுகளின் ரசீதுகளை ஒன்றாகத் தைத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். மூன்று வரிக் கடிதத்தில் கிளைமை மறுத்துவிட்டார்கள். பாலிசிப் புத்தகத்தை முதன்முறையாக முழுவதும் படித்த பிறகுதான், அந்த மறுப்பு விதிப்படி சரியானதே என்பது எனக்குப் புரிந்தது. அதன் பின்னர் அக்கம்பக்கத்துப் பெற்றோர் பலருக்கு இத்தகைய படிவங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பணம் கைநழுவுவதற்கான காரணம், பெரும்பாலும் கிளைம் அனுப்புவதற்கு வெகு முன்பே உருவாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சட்டத்தைப் பாதி மட்டும் தெரிந்துகொள்வதாகும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு வழங்கப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் வழங்கப்பட வேண்டும் என்று அதன் 21(4) ஆம் பிரிவு கூறுகிறது. மனநோய் என்ற காரணத்தைக் காட்டிக் கிளைமை மறுத்த ஒரு வழக்கில், 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இப்பிரிவின் வலிமையை உறுதிசெய்தது. எல்லாப் பாலிசிகளும் 2022 அக்டோபர் 31-க்குள் இதற்கு இணங்கியாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் உத்தரவிட்டது. இவற்றைக் கேள்விப்பட்ட பெற்றோர், இனி தெரபிக்குப் பணம் கிடைத்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆனால் சட்டம் தருவது சமத்துவம் மட்டுமே. காய்ச்சலுக்காக மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிவந்தால் அந்தச் செலவை உங்கள் பாலிசி தராது என்றால், வாராந்தரத் தெரபிக்கும் அது தராது; இரண்டுமே வெளிநோயாளிச் சிகிச்சை. வழக்கமான மருத்துவக் காப்பீடு, குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் படுக்கையில் இருப்பவருக்காக எழுதப்பட்டது. குழந்தைகளின் மனநலச் சிகிச்சையோ பெரும்பாலும் ஒரு சிறிய அறையில், பேச்சிலும் விளையாட்டிலும் படம் வரைவதிலும் நடப்பது. அதற்குப் படுக்கை தேவைப்படுவதில்லை. ஆகவே "மனநலம் உண்டா?" என்று முகவரிடம் கேட்டால் அவர் உண்மையாகவே "உண்டு" என்பார், அந்த விடையால் நமக்குப் பயன் இராது. ஓ.பி. (வெளிநோயாளி) செலவு பாலிசியில் சேருமா, சேருமானால் ஆண்டுக்கு எவ்வளவு, மருத்துவரின் கட்டணம் மட்டுமா அல்லது உளவியலாளரின் அமர்வும் அடங்குமா, நிறுவனம் குறிப்பிடும் இடங்களில் மட்டுமே பார்க்க வேண்டுமா என்று தனித்தனியாகக் கேட்டு, விடைகளை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஓ.பி. வசதியைக் கூடுதல் பிரீமியத்துக்குச் சேர்க்கும்போது கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய் வரம்புக்காக ஆறாயிரம் ரூபாய் கட்டுவதில் பொருளில்லை.

மலையேறி இறங்க முடியாத வாரங்களில் காணொளி வழியாக அமர்வு நடத்துவோர் இதிலும் கவனமாக இருக்க வேண்டும். 2020-இல் வெளிவந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானவை. எனவே மனநல மருத்துவரின் காணொளி ஆலோசனையை ஏற்கும் அதே பாலிசி, உளவியலாளரின் காணொளி அமர்வை ஏற்காமல் போகலாம்.

வெளிநோயாளிச் செலவு கிடைக்காது என்று தெரிந்ததும், "இரண்டு நாள் அட்மிட் செய்துவிட்டால் கிளைம் வந்துவிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். இதை ஒருபோதும் செய்யக் கூடாது. பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே அட்மிட் செய்வது, எல்லாப் பாலிசிகளிலும் பொதுவாக உள்ள, எதற்குப் பணம் தரப்படாது என்ற நிலையான விலக்குகளின் பட்டியலில் நான்காவதன் கீழ் மறுக்கப்படும். அதைவிட முக்கியமானது குழந்தையின் நிலை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை மனநல மருத்துவமனையில் சேர்ப்பதற்கு, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87 ஆம் பிரிவு தனி நெறிகளை வகுத்துள்ளது. சேர்க்கை தேவைதானா என்பதை இரு நிபுணர்கள் தனித்தனியாக ஆராய வேண்டும், பெரியவர்களிடமிருந்து பிரித்தே தங்கவைக்க வேண்டும், பெற்றோரோ அவர்கள் நியமிப்பவரோ உடனிருக்க வேண்டும். இவ்வளவு எச்சரிக்கையோடு சட்டம் காக்கும் ஒரு வாசலுக்குள், ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருக்கும் குழந்தையை ஒரு ரசீதுக்காக அனுப்புவது கொடுமை.

உண்மையாகவே உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. மருத்துவமனைப் பில்லை மட்டும் கிளைம் செய்துவிட்டு, அதன் பின் நடக்கும் தெரபிச் செலவைத் தங்கள் கைப்பணத்திலிருந்து கொடுக்கிறார்கள். சேர்க்கைக்கு முந்தைய 30 நாட்களுக்கும், வீடு திரும்பிய பின் 60 நாட்களுக்கும், அதே நோய் தொடர்பான செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. சிலவற்றில் இக்காலம் இன்னும் நீண்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "தொடர் உளவியல் சிகிச்சை தேவை" என்று மருத்துவர் எழுதியிருந்தால், அந்த அமர்வுகளுக்கும் கோரிக்கை வைக்கலாம். கோவையிலோ வேறு பெருநகரிலோ சிகிச்சை பெறுவோர், பாலிசியில் மண்டலப் பிரிவு உண்டா என்றும் பார்க்க வேண்டும். சிறு ஊர் முகவரிக்குக் குறைந்த பிரீமியம் கட்டியவர் பெருநகரில் சிகிச்சை பெற்றால், செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்க வேண்டும் என்ற விதி சில பாலிசிகளில் உள்ளது.

அடுத்ததை எழுதும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது. எங்கள் மலையில் ஒரு ஹட்டியில், அதாவது சிற்றூரில், நடப்பது மறுநாளே அடுத்த ஹட்டிக்குத் தெரிந்துவிடும். அதனால் குழந்தையை மனநல மருத்துவரிடம் காட்டியதைப் பெற்றோர் உறவினரிடமிருந்து மறைக்கிறார்கள், அதே பழக்கத்தில், பாலிசி எடுக்கும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவத்திலும் மறைத்துவிடுகிறார்கள். "அதெல்லாம் எழுதினால் பாலிசி கிடைக்காது" என்று முகவரே சொல்வதும் உண்டு. பின்னர் கிளைம் வரும்போது மருத்துவமனையின் பழைய சீட்டு அந்த மறைப்பை வெளிக்கொணர்கிறது. மனநலக் கிளைம் மட்டுமல்லாமல் பாலிசியே ரத்தாகும் நிலை உண்டாகிறது. காப்பீட்டு ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பரிந்துரைக்கப்பட்ட நோயே முன்பே இருந்த நோய் எனக் கொள்ளப்படும். அந்த நோய்க்குப் பணம் தராமல் காக்கவைக்கும் காத்திருப்புக் காலமும் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. உண்மையை எழுதியவர் அதிகபட்சமாக மூன்று ஆண்டுகள் காத்திருக்கிறார், மறைத்தவரோ பாலிசி தொடர்ந்து 60 மாதங்களைக் கடக்கும்வரை எந்தக் கிளைமும் கேள்விக்குள்ளாகும் அச்சத்திலேயே இருக்கிறார். குழந்தை வகுப்பில் கவனமின்றி இருப்பதாக ஆசிரியை சொன்னது நோய்க்கண்டறிதல் ஆகாது. மருத்துவர் சீட்டில் எழுதியது ஆகும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு படிவத்தை நிரப்பினால் போதுமானது. காத்திருப்புக் காலம் பாதியில் இருக்கும்போது பாலிசியைக் கைவிட்டுப் புதிதாக எடுப்பதும் இழப்பே. மாற்றியே ஆக வேண்டுமானால், கழிந்த காலம் கணக்கில் சேரும்படி பழைய பாலிசியின் தொடர்ச்சியாகவே வேறு நிறுவனத்துக்கு மாறும் போர்ட்டபிலிட்டி முறையில்தான் மாற்ற வேண்டும்.

நோயின் பெயர் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பாராமல் விண்ணப்பிப்பதும் பரவலான பிழை. மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் மனநோய் வரையறையில் அறிவுசார் குறைபாடு சேராது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றோடு வாழும் குழந்தைகளுக்குத் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற காப்பீடு தனியே இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, உள்வரம்புகளுக்கு உட்பட்டு, ஓ.பி. சிகிச்சையையும் தொடர் தெரபிகளையும் கூட அது ஏற்கிறது. முன் மருத்துவப் பரிசோதனையும் கிடையாது, முன்பே இருந்த குறைபாடு என்று ஒதுக்குவதும் கிடையாது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவை. தனியார் பாலிசியோடு ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கும் ஆட்டிசக் குழந்தையின் பெற்றோர் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்கவில்லை என்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன். கற்றல் குறைபாடும் மனப்பதற்றமும் நிராமயாவில் சேரமாட்டா.

ரசீது விஷயத்துக்கு வருவோம். "கவுன்சிலிங் – 4,000" என்று ஒற்றை வரியில் எழுதிய சீட்டு எந்தக் காப்பீட்டிலும் செல்லாது. ஒவ்வொரு அமர்வின் தேதியும் கட்டணமும், சிகிச்சையாளரின் பெயரும் தகுதியும், மருத்துவ உளவியலாளராக இருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணும் அதில் இருக்க வேண்டும். அதோடு, மனநல மருத்துவர் முதலில் குழந்தையைப் பார்த்து, நோய்க்கண்டறிதலையும் எத்தனை அமர்வுகள் தேவை என்பதையும் எழுதித் தந்த பரிந்துரைச் சீட்டு தேவை. நோய்க்கண்டறிதல் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு போன்ற ஏற்கப்பட்ட தரங்களின்படியே இருக்க வேண்டும் என்று சட்டமே கூறுவதால், அதன் குறியீட்டையும் எழுதித் தருமாறு மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். சில பாலிசிகள் அக்குறியீடுகளின் பட்டியலைக் கொண்டே எதற்குப் பணம், எவ்வளவு பணம் என்று தீர்மானிக்கின்றன.

ஆனால் ஆவணம் குறையக் கூடாது என்ற பதற்றத்தில், அமர்வுகளின் முழுக் குறிப்பேட்டையும் நகலெடுத்து அனுப்பிவிடும் பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன். பூட்டிய அறையில் குழந்தை நம்பிச் சொன்ன சொற்கள் அந்தக் குறிப்பில் இருக்கின்றன. கிளைமைப் பரிசீலிக்கும் அலுவலருக்கு அவை தேவையில்லை. நோய், சிகிச்சை முறை, அமர்வுகளின் எண்ணிக்கை, முன்னேற்றம் ஆகியவற்றைக் கூறும் ஒரு பக்கச் சுருக்கத்தைச் சிகிச்சையாளரிடம் கேட்டு வாங்கி, அதை மட்டும் அனுப்புங்கள். மனநலத் தகவல்களின் இரகசியத்தைச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு உரிமையாக்கியுள்ளது. அந்த உரிமை குழந்தைக்கும் உண்டு.

காப்பீடு தெளிவாகும்வரை சிகிச்சையைத் தள்ளிவைப்பதும் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும், மாவட்ட மனநலத் திட்டமும் அரசு மருத்துவமனைகளின் வழியே கட்டணமின்றி இயங்குகின்றன. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்கு மிகாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆயினும் அதுவும் முக்கியமாக மருத்துவமனைச் சேர்க்கைக்கானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கடைசியாக, தொலைபேசியில் சொல்லப்படும் "வராதுங்க" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. அதை வாங்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள், நிறுவனத்தைச் சாராத, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கிறார். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 2021-இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு புகாரை இணையம் வழியே அனுப்பவும் காணொளியில் விசாரணைக்கு வரவும் வழி இருப்பதால், கூடலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ ஒருவர் இதற்காகச் சென்னை செல்ல வேண்டியதில்லை. மறுப்புக் கடிதம், அதில் சுட்டப்பட்ட விதி அச்சாகியுள்ள பாலிசிப் பக்கம், மருத்துவரின் பரிந்துரை, தேதிவாரியான ரசீதுகள் ஆகிய நான்கையும் அந்தப் புகாருடன் இணைக்க வேண்டும்.