பயத்தைப் பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்த விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறப் பிள்ளைகள் 'எனக்குப் பயம்' என்பதைப் பிரெஞ்சில் 'ஜ சுயி பெர்' ('நான் பயமாக இருக்கிறேன்') என்றே சொல்வார்கள். ஆங்கில 'ஐ எம்' பழக்கம் அது. 'ஜே ஃபேன்' (எனக்குப் பசி), 'ஜே பெர்' (எனக்குப் பயம்) என்று ஜோடியாகக் கொடுத்ததும் பிழை நின்றது. பிரெஞ்சில் பசியும் பயமும் நம்மிடம் 'இருப்பவை'; 'ஜே' என்றால் 'என்னிடம் இருக்கிறது'. உச்சரிப்பில் கவனம் தேவை: உதட்டைக் குவிக்காவிட்டால் பயத்தைக் குறிக்கும் 'பெர்', 'அப்பா' என்று பொருள்படும் சொல்லாகிவிடும்!

அடுத்தது, எதைக் கண்டு பயம் என்று சொல்ல உதவும் இணைப்புச்சொல் 'த'. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ஆண்பால் ஒருமைச் சொல்லான 'ல'வோடு அது சேர்ந்தால் 'தியு', பன்மைச் சொல்லான 'லே'யோடு சேர்ந்தால் 'தே'. விதியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். அட்டையில் முழு வாக்கியமாக எழுதவையுங்கள். செம்பனைக் காட்டுப் பாம்புக்கு 'ஜே பெர் தே செர்ப்பான்', இருட்டுக்கு 'ஜே பெர் தியு நுவார்', இடிமழைக்கு 'ஜே பெர் த லொராஜ்'.

'ஃபோபி' (அளவுமீறிய அச்சம்) பெண்பால் சொல், அதனால் முன்னால் 'லா' வரும்: 'ஜே லா ஃபோபி தே ஸாரேன்யே', சிலந்தி என்றாலே நடுங்குபவர் சொல்வது. சாதாரணப் பயத்துக்கு 'பெர்' போதும்.