வளையல் வளையலாகவே தெரிய: தரம் குறையாமல் வீடியோ எடிட் செய்வது எப்படி?

தங்கையின் வளைகாப்பு முடிந்த வாரம், சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு எடுத்த கிளிப்புகளை வாட்ஸ்அப்பில் வாங்கி ஒரே வீடியோவாகச் சேர்த்தேன். போனில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. டிவியில் போட்டதும் குட்டு உடைந்தது. கை நிறைய அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு, பச்சை பெயின்ட் அடித்த பட்டை மாதிரித் தெரிந்தன. "ரெண்டு நாளா உட்கார்ந்து இதைத்தான் பண்ணினியா?" என்று அம்மா கேட்டார்.

வீடியோவைச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் நுணுக்கம் கொஞ்சம் கழிந்துபோகும். போனது போனதுதான். கேமரா எடுக்கும்போதே ஒருமுறை சுருக்குகிறது, எடிட் முடித்து ஃபைலாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட்டில் இன்னொரு முறை. நடுவில் வேறெங்கும் சுருங்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். மற்ற மென்பொருள்களிலும் இதே அமைப்புகள் கொஞ்சம் பெயர் மாறி இருக்கும்.

படி 1: ஒரிஜினலை வாங்குங்கள்

பாதித் தரம் போவது இங்கேதான். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நன்றாகச் சுருக்கித்தான் அனுப்பும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் சுருக்கம் உண்டு. 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை ஃபைல் அப்படியே வரும். கூகுள் டிரைவ் லிங்க்கும் சரி. கையெட்டும் தூரத்தில் இருந்தால் யூஎஸ்பி கேபிளே உத்தமம்.

வந்ததும் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பிட்ரேட்டைப் பாருங்கள். ஒரு விநாடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா செலவாகிறது என்பதுதான் அது; எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கில் காட்டும். என் போனில் எடுத்த 1080பி (ஃபுல் எச்டி) கிளிப் 17 எம்பிபிஎஸ் காட்டியது. மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியதில் 2 கூட இல்லை. அதை எவ்வளவு பெரிய ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தாலும் பயனில்லை. மூன்றாம் முறை கரைத்த புளித்தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் கெட்டியாகிவிடுமா என்ன?

முன்னும் பின்னும் வெட்டினால் போதும் என்றால் எடிட்டிங் மென்பொருளே வேண்டாம். லாஸ்லெஸ்கட் என்ற சிறு மென்பொருள் மறுபடி சுருக்காமல் வெட்டித் தரும். நினைத்த ஃபிரேமில் துல்லியமாக வெட்டாமல் ஓரிரு விநாடி தள்ளி வெட்டலாம், அவ்வளவுதான்.

படி 2: டைம்லைனைப் பொருத்துங்கள்

புது புராஜெக்ட் திறந்ததும் வலது கீழ் மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி ஃபிரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். ரிசால்வ் வழக்கமாக 24 என்று வைத்திருக்கும். போன் வீடியோ பெரும்பாலும் 30. மாற்றாமல் விட்டால் கேமரா நகரும் இடங்களில் படம் வெட்டி வெட்டி ஓடும். கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் கிளிப் போட்ட பிறகு மாற்றவும் முடியாது, அதனால் இதுதான் முதல் வேலை.

எடிட் செய்யும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். நீளம், உயரம் இரண்டிலும் இரு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே கிளிப்பை 1080பி டைம்லைனில் போட்டால் இரண்டு மடங்கு வரை ஜூம் செய்யலாம், தெளிவு குறையாது. 1080பி கிளிப்புக்கு அந்தச் சலுகை இல்லை.

படி 3: எக்ஸ்போர்ட்

டெலிவர் பக்கத்தில் ஃபார்மட் எம்பி4, கோடெக் (சுருக்கும் முறை) எச்.264. புதிய முறையான எச்.265இல் ஃபைல் சிறிதாகும் என்பது உண்மைதான், ஆனால் ஊரில் பெரியப்பா வீட்டுப் பழைய டிவியில் ஓட வேண்டுமே! ரெசல்யூஷனும் ஃபிரேம் ரேட்டும் டைம்லைனில் உள்ளபடியே இருக்கட்டும்.

குவாலிட்டியில் 'ரெஸ்ட்ரிக்ட் டு' என்பதைத் தேர்ந்தெடுத்து எண்ணை நீங்களே கொடுங்கள். அங்கே அளவு எம்பிபிஎஸ் அல்ல, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 எம்பிபிஎஸ் வேண்டுமென்றால் 20000 என்று அடிக்க வேண்டும். வெறும் 20 என்று அடித்துவிட்டு விழிக்காதீர்கள். 1080பி, 30 ஃபிரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ். அவர்களும் மறுபடி சுருக்குவார்கள் என்பதால் நான் 16க்குக் கீழே இறங்குவதில்லை.

ஃபைல் எவ்வளவு வரும்? பிட்ரேட்டை விநாடிகளால் பெருக்கி 8ஆல் வகுத்தால் எம்பி. 8 நிமிட வீடியோ 20 எம்பிபிஎஸ்ஸில் 1,200 எம்பி. பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் அதில் ஏறாது.

படி 4: முதலில் ஒரு துண்டு

முழு வீடியோவையும் உடனே ரெண்டர் (எக்ஸ்போர்ட் ஃபைலை உருவாக்கும் வேலை) போடாதீர்கள். சின்னச் சின்னப் பொருள்கள் நிறைய அசையும் இடம்தான் பிட்ரேட்டுக்குச் சோதனை. அட்சதை தூவுவது, ஆரத்தி எடுப்பது, சரிகைப் புடவைக் கூட்டம் நகர்வது போல ஒரு 15 விநாடியைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் 'ஐ', முடிவில் 'ஓ' விசை அழுத்தி, அதை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து டிவியில் போட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். கட்டம் கட்டமாக உடைந்தால் பிட்ரேட்டை ஏற்றி இன்னொரு துண்டு. கையில் இருக்கும் வளையல்களை ஒன்று, இரண்டு என்று எண்ண முடிந்தால் முழுவதையும் ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.