நுரையீரல் தமனியில் நாட்பட்ட இரத்தக்கட்டி: அறுவைக்கு ஆயத்தமாவது எப்படி

சோமனூரிலோ பல்லடத்திலோ தறிக்கூடத்தில் வேலை செய்பவருக்கு மூச்சிரைத்தால், பஞ்சுத் தூசியின்மேல் பழியைப் போட்டுவிடுவது எளிது. ஆனால், முன்பு கால் இரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்து, அதற்கான மருந்தை மூன்று மாதம் ஒழுங்காக எடுத்த பின்னும், சென்னிமலைப் படிகளில் பாதி ஏறுவதற்குள் ஒருவர் உட்கார்ந்துவிடுகிறார் என்றால், அந்த இரத்தக்கட்டி கரையாமல் தங்கி, இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயான நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். முதலில் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுப்பார்கள். அதில் ஐயம் எழுந்தால் நுரையீரலில் காற்றும் இரத்தமும் எங்கெல்லாம் போய்ச் சேர்கின்றன என்று காட்டும் வி.க்யூ. ஸ்கேன், இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ, இதயத்தின் வலப்பக்க அழுத்தத்தைக் குழாய் செலுத்தி அளக்கும் சோதனை ஆகியவை தொடரும்.

புதிய கட்டிக்குப் பெரும்பாலும் மருந்தே போதும். இரத்த அழுத்தம் சரிந்து, கரைக்கும் மருந்தும் பலிக்காத, அல்லது கொடுக்க இயலாத அவசரத்தில்தான் அதற்குக் கத்தி எடுப்பார்கள். நாட்பட்ட கட்டியோ, நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ஓடும் சொட்டுநீர்க் குழாயில் படியும் உப்பைப் போலத் தமனிச் சுவரோடு ஒட்டி இறுகிவிடுகிறது. குழாயையாவது அமிலம் விட்டுக் கழுவலாம். இதை எந்த மருந்தாலும் கரைக்க முடியாது. ஆகவே, மார்பெலும்பைப் பிளந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, உடலை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து, ஒரு தடவைக்குச் சுமார் 20 நிமிடம் இரத்த ஓட்டத்தையே நிறுத்தி, தமனியின் உட்படலத்தோடு சேர்த்துக் கட்டியைக் கிளைகிளையாக உரித்தெடுக்கிறார்கள்.

பைபாஸ் செய்யும் எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை. கைதேர்ந்த குழுக்களிடம் இறப்பு விகிதம் 5 சதவீதத்துக்கும் குறைவு. அனுபவம் குறைந்த இடத்தில் அந்தக் கணக்கு மாறிவிடும். எனவே, ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள், என் அடைப்பு கத்தி எட்டும் இடத்தில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஈரோட்டிலிருந்து இரவு முழுக்க ரயிலில் போக வேண்டியிருந்தாலும் சரி, வீட்டுக்குப் பக்கம் என்பதைக் கடைசிக் காரணமாகவே வையுங்கள். கட்டி மிக நுண்ணிய கிளைகளில் இருந்தால், அடைத்த கிளையைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையோ மாத்திரையோ பொருத்தமாகலாம்.

போகும்போது பழைய ஸ்கேன்களை அவை பதிந்த குறுந்தட்டோடும், மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாகவும் எடுத்துச் செல்லுங்கள். காப்பீடு எவ்வளவு ஏற்கும் என்பதை முன்னதாகவே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாள்கள்தாம் கடினமானவை. நெடுநாள் வறண்டிருந்த பகுதிக்குத் திடீரென இரத்தம் பாய்வதால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். செயற்கைச் சுவாசம் நீண்டால் உடனே கலங்க வேண்டாம். வீடு திரும்பியபின் மார்பெலும்பு கூடுவதற்குள் தண்ணீர்க் குடமோ நூல் மூட்டையோ தூக்கக் கூடாது.

உறைவைத் தடுக்கும் மருந்து வாழ்நாள் முழுவதும் தொடரும். வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்றால், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரை இந்த மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதற்காக முருங்கைக்கீரையை ஒதுக்க வேண்டியதில்லை; ஒரு வாரம் தினமும், மறு வாரம் அறவே இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாக உண்டால் போதும். வலி மாத்திரையையும் நாட்டு மருந்தையும் கேட்காமல் தொடாதீர்கள். மலம் கருத்துப் போனாலோ, வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டாலோ, காயம் வெளியே தெரியாவிட்டாலும் 108-ஐ அழைத்து, வந்தவர்களிடம் முதலில் உறைவைத் தடுக்கும் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.