"குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்று எழுதுவதற்கு முன் வீட்டுக்குப் பேசுங்கள்

வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், போன் இணைப்பு பற்றியெல்லாம் வெளிநாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். மருத்துவப் பதிவைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் எடுத்துக்கொண்டு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். காப்பீடு கட்டாயமான நாடு என்றால் அதை முதலில் முடியுங்கள். அவசர எண்ணைப் போனில் சேமியுங்கள். நேரே சிறப்பு மருத்துவரிடம் போவதும் நாமாகவே ஸ்கேன் எடுத்துக்கொள்வதும் பல நாடுகளில் நடக்காது. குடும்ப மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

இதெல்லாம் தானாகப் பழகிவிடும். பதிவுப் படிவத்தில் வரும் ஒரு கேள்விதான் என் தோழியைப் படுக்கையில் தள்ளியது. பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்து கட்டியானதுண்டா என்று கேட்பார்கள். வரிசையாக "இல்லை" என்று குறித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். நோய் எதையாவது எழுதினால் விசாவுக்கு இடைஞ்சல் வருமோ என்ற பயத்தில் குறிப்பவர்களும் உண்டு. உங்களுக்கு எந்த மருந்து ஆகும், எது ஆகாது என்று மருத்துவர் முடிவுசெய்வதற்கான கேள்வி அது.

தோழி பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை யாருக்கும் எதுவும் இல்லை. அந்தப் பதிலை நம்பி, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் இடது கெண்டைக்காலில் வலி வந்தது. வீடு மாறிப் பெட்டிகளைத் தூக்கிய நேரம் அது. தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பிறகு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. ஆழமாக மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தியது. அவசரப் பிரிவில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது இரண்டு நுரையீரல்களிலும் ரத்தக்கட்டிகள் இருந்தன.

அவள் படுக்கையில் கிடந்தபோதுதான் வீட்டார் வாய் திறந்தார்கள். அப்பாவுக்கு இளம் வயதில் ஒரு கால் வீங்கி, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அத்தை பிரசவமான சில நாட்களில் திடீரென்று மூச்சுத் திணறி இறந்திருக்கிறார். மாரடைப்பு என்று சொல்லி அந்தப் பேச்சை அத்துடன் முடித்துவிட்டார்கள். பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம் என்று மறைத்தார்களாம். அன்பினால்தான் மறைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் இன்னும் ஆறவில்லை.

ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்த உடலிலேயே பிரேக் போல மூன்று புரதங்கள் இருக்கின்றன: ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ். இவற்றில் ஒன்று பிறவியிலேயே குறைவாக இருந்தால் சிரைகளில் ரத்தம் எளிதில் உறையும். 1994இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்ட ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்பது வேறொரு மரபணு மாற்றம். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 5 சதவீதம் பேரிடம் அது இருப்பதால் மேலை நாட்டு மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். "லைடன் இல்லை" என்று முடிவு வந்தால் நிம்மதியடைந்துவிடாதீர்கள். மற்ற மூன்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். எப்போது பார்த்தார்கள் என்பதும் முக்கியம். கட்டி புதிதாக இருக்கும்போதும், கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோ சாப்பிடும்போதும் புரோட்டீன் எஸ் அளவு குறைந்தே காட்டும். தோழிக்குப் புரோட்டீன் எஸ் குறைபாடு இருப்பதை மாதங்கள் கழித்துத்தான் உறுதி செய்தார்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு, ஆணானாலும் பெண்ணானாலும். பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. அறுவை சிகிச்சை, காலில் மாவுக்கட்டு, கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள், ஈஸ்ட்ரோஜன், நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் போன்ற ஒன்று கூடச் சேரும்போதுதான் ஆபத்து பெருகுகிறது. மாதவிலக்கைத் தள்ளிப்போட விமானம் ஏறும் முன் சிலர் சாப்பிடும் நோரெத்திஸ்டெரோன் மாத்திரையிலும் ஒரு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. குடும்பத்தில் ரத்தக்கட்டி இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

வீட்டில் கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஒரு கால் மட்டும் வீங்கி யாராவது மருத்துவமனையில் சேர்ந்தார்களா, வயிற்றில் தினமும் ஊசி போட்டார்களா, அடிக்கடி ரத்தம் சோதித்து மாத்திரை அளவை மாற்றினார்களா, 50 வயதுக்குள் திடீரென்று யார் இறந்தார்கள், அதற்குச் சற்று முன் பிரசவமோ அறுவை சிகிச்சையோ நடந்ததா என்று கேளுங்கள். அப்பா வழியையும் விடாதீர்கள். ஏற்கெனவே "இல்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தால் போய்த் திருத்தச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத கருத்தடை முறைகள் இருக்கின்றன. காப்பர் டி அவற்றில் ஒன்று.

ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நம் தோல் நிறத்தில் சிவப்பு தெரியாமல் போகலாம். இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் என்றால் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அவசர எண்ணை அழையுங்கள். குடும்பத்தில் ரத்தக்கட்டி வந்திருப்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒன்று. ஊரில் அசினோகூமரால் சாப்பிட்டவர்களுக்கு இங்கே வார்ஃபரின் தரக்கூடும். இரண்டும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமம் அல்ல, மாற்றும்போது, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். வார்ஃபரின் மாத்திரையின் நிறமும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் இளஞ்சிவப்பு என்றால் 5 மில்லிகிராம். அமெரிக்காவில் அதே நிறம் 1 மில்லிகிராம். அட்டையில் அச்சிட்ட அளவைப் படித்துவிட்டே விழுங்குங்கள்.